ஆலை நின்ற ஊரும் அதன் மக்கள் தொகையும்

செகந்திராபாத்தின் போவன்பள்ளியைக் கடந்து வடக்கே நாகபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, காமாரெட்டி வழியாக நிஜாமாபாத் பக்கம் போகிறது. நிஜாமாபாத்திலிருந்து மேற்கே திரும்பினால் மகாராஷ்டிர எல்லைக்கு அருகில் போதன் என்னும் நகரம் வரும். பண்டைய அசுமக நாட்டின் தலைநகரான பௌதன்யபுரம் இதுவே என்று கருதப்படுவதுண்டு. அந்நகரை ஒட்டியுள்ளது சக்கர் நகர். ‘சக்கர்’ என்றால் உருது மொழியில் சர்க்கரை. செய்பொருளின் பெயரையே ஊருக்குச் சூட்டுவது நிஜாம் காலத்து வழக்கம் போலும். காகித ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்குக் காகஸ் நகர் என்று பெயரிட்டதும் அதே அரசுதான்.

சக்கர் நகர் ஆலை 2015 டிசம்பரில் மூடப்பட்டது. ஆலைக்காகவே உண்டான ஒரு குடியிருப்பின் மக்கள் தொகை, ஆலை நின்றபின் என்னவாகிறது? இதை நம்முடைய கணக்கெடுப்புகளிலிருந்து எந்த அளவுக்கு அறிய முடியும்? பொருளாதாரம் பயிலும் மாணவர்க்கும் மாவட்ட அளவில் திட்டம் தீட்டும் அலுவலர்க்கும் இவ்வினாக்கள் பயன்படக்கூடியவை.

ஆலை அங்கே வந்தது ஏன்?

தொழிற்சாலை எங்கே அமையும் என்பதைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெபர் 1909இல் ஒரு கோட்பாட்டை வகுத்தார். உற்பத்தியின்போது எடை பெரிதும் குறையும் மூலப்பொருளாயின், ஆலை அது விளையும் இடத்தையே நாடும் என்பது அதன் ஒரு பகுதி. கரும்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 10 டன் கரும்பிலிருந்து 1 டன் சர்க்கரைதான் கிடைக்கிறது. அதோடு, வெட்டிய கரும்பை ஒரு நாளைக்கு மேல் போட்டுவைத்தால் அதிலுள்ள சர்க்கரைச் சத்து குறையத் தொடங்குகிறது. ஆகவே வயலுக்கு அருகில் ஆலை, ஆலைக்கு அருகில் ஆட்கள் என்பது இத்தொழிலின் இயல்பு.

கரும்பு ஏறக்குறைய ஓராண்டுப் பயிர். நீர் மிகுதியாக வேண்டும். அந்நீரை அளித்தது நிஜாம் சாகர். கோதாவரியின் துணையாறான மஞ்சீராவின் குறுக்கே 1923இல் தொடங்கி 1931இல் முடிக்கப்பட்ட இவ்வணை, நவாப் அலி நவாஸ் ஜங் என்னும் தலைமைப் பொறியாளரின் சாதனை. இரண்டே முக்கால் லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். கால்வாய் வந்ததும் மக்களும் வந்தனர். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாப் பகுதிகளில் நன்செய் வேளாண்மையில் கைதேர்ந்த குடும்பங்கள் அங்கிருந்த நிலத்தை விற்றுவிட்டு, இங்கே குறைந்த விலைக்கு அதிக நிலம் வாங்கிக் குடியேறின. அவர்களுடைய குடியிருப்புகள் இன்றும் ‘கேம்ப்’ என்றே வழங்கப்படுகின்றன. போதன் வட்டாரத்தின் மக்கள் தொகை வரலாற்றில் முதல் அலை ஆலையால் வந்ததன்று, அணையால் வந்தது. இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்த அலைக்கு வழிவகுத்தது தொழிற்கொள்கை. பிரிட்டிஷ் இந்திய அரசு 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரி அளித்ததையடுத்து, நாட்டில் முப்பதளவில் இருந்த ஆலைகளின் எண்ணிக்கை ஐந்தாறு ஆண்டுகளில் 130ஐத் தாண்டியது. ஐதராபாத் சமஸ்தானமும் வாளாவிருக்கவில்லை. 1929இல் நிறுவப்பட்ட தொழில் அறநிதியின் துணையோடு புதிய ஆலைகளை ஊக்குவித்தது. வாரங்கலில் ஆசம் ஜாஹி பஞ்சாலை, சிர்ப்பூரில் காகித ஆலை, போதனில் 1937இல் நிஜாம் சர்க்கரை ஆலை ஆகியவை அவ்வாறு தோன்றியவை. கடைசியாகக் கூறியது ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய சர்க்கரை ஆலை என்று போற்றப்பட்டது. விவசாயிகளிடம் கொள்முதல் செய்ததோடு, ஆலைக்கே சொந்தமாகப் பல்லாயிரம் ஏக்கர் கரும்புப் பண்ணையும் இருந்தது.

ஆலை ஊரின் மக்கள்

பஞ்சாலை ஆண்டு முழுவதும் ஓடும். சர்க்கரை ஆலையோ நவம்பர் வாக்கில் அரவையைத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் நிறுத்திவிடும். ஆகவே சர்க்கரை ஆலை ஊரில் இருவகை மக்கள் உண்டு. நிரந்தரத் தொழிலாளரும் அலுவலரும் குடும்பத்துடன் ஆலைக் குடியிருப்பில் வாழ்வர். அரவைக் காலத் தொழிலாளரும் கரும்பு வெட்டுவோரும் சில மாதங்கள் தங்கிச் செல்வர். தெலுங்கு, உருது, மராத்தி, கன்னடம் ஆகிய மொழிகள் சந்திக்கும் எல்லைப்புறமாதலால் ஊரின் மொழிக் கலப்பும் இயல்பாகவே அமைந்தது.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது. விடுதலைக்குப் பிந்தைய நம் கணக்கெடுப்புகளில் 1971 நீங்கலாக மற்றவற்றுக்கெல்லாம் மார்ச் 1ஆம் தேதியே ஆதாரத் தேதி. எண்ணும் பணி பெரும்பாலும் பிப்ரவரியில் நடைபெறும். அதாவது அரவை உச்சத்தில் இருக்கும் காலம். எண்ணும் நாட்களில் ஒரு நாளேனும் தம் ஊரில் இருந்தவர் அங்கேயே கணக்கில் சேர்வார். அந்நாட்கள் முழுவதும் வெளியில் இருந்தவர் காணப்பட்ட இடத்தில் சேர்வார். எனவே சர்க்கரை வட்டாரங்களின் மக்கள் தொகையில் பருவகாலத் தொழிலாளரும் ஓரளவு கலந்திருப்பர். கணக்கெடுப்பு ஜூலையில் நடந்தால் வேறு எண் கிடைக்கக்கூடும். பிழை எவரிடமும் இல்லை. பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் புகைப்படத்தில் எந்த மாதம் பதிவாகிறது என்பதே வினா.

நீர் போன வழி

ஆலை நலிந்ததற்கு நிர்வாகத்தை மட்டும் குறை கூறுவது எளிது. நலிவு நீரிலேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. தொடக்கத்தில் ஏறத்தாழ 30 ஆயிரம் மில்லியன் கன அடி கொள்ளளவுடன் இருந்த நிஜாம் சாகர், வண்டல் படிந்து சுமார் 18 ஆயிரம் மில்லியன் கன அடியாகச் சுருங்கிவிட்டது. மேல்மடையில் மஞ்சீராவின் நீரை ஐதராபாத் நகரின் குடிநீருக்கு எடுக்கும் திட்டங்கள் 1965, 1981, 1991, 1993 என்று கட்டம் கட்டமாக விரிந்தன. பின்னிரண்டும் சிங்கூர் நீர்த்தேக்கத்தைச் சார்ந்தவை. தலைநகர் பெருகப் பெருக, அதன் குழாய்களுக்கும் போதனின் கரும்புக்கும் ஒரே ஆறு பங்கிடப்பட்டது. குடிநீருக்கே முதலிடம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும் அம்முடிவின் விலையில் ஒரு பங்கை ஐதராபாத் அல்லாத ஓர் ஊர் செலுத்தியது என்பதைத் திட்ட அறிக்கைகள் கணக்கில் எழுதுவதில்லை.

நீர் நிச்சயமில்லாதபோது, ஓராண்டு காத்திருக்க வேண்டிய கரும்பைவிடச் சில மாதங்களில் கைக்கு வரும் நெல்லை உழவர் விரும்பியதில் வியப்பில்லை. மாநில அரசின் பொதுத்துறை நிறுவனமாக இயங்கிய ஆலையின் 51 சதவீதப் பங்கு 2002இல் தனியாருக்கு மாற்றப்பட்டு, நிஜாம் டெக்கான் சுகர்ஸ் என்னும் கூட்டு நிறுவனம் உருவாயிற்று. போதன், முத்யம்பேட்டை, மம்போஜிபள்ளி ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த ஆலைகள் 2015 டிசம்பரில் ஒருசேர நின்றன. 2019இல் நிறுவனத்தைக் கலைக்க ஆணை பிறந்தது. மீண்டும் திறக்கும் வழிகளை ஆராய 2024 தொடக்கத்தில் தெலங்கானா அரசு அமைச்சர் குழுவை அமைத்தது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஆலை மூடினால் ஊர் காலியாகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சிற்சில இடங்களில் அவ்வாறே நடந்துள்ளது. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் 1780களில் தோன்றிய பஞ்சாலை ஊர். 1800 முதல் இராபர்ட் ஓவன் அதை நிர்வகித்து, தொழிலாளர் நலத்துக்கு உலகிற்கே முன்மாதிரியாக்கினார். உச்சத்தில் சுமார் 2,500 பேர் வாழ்ந்தனர். 1968இல் ஆலை நின்றபின் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கும் கீழே போயிற்று. பின்னர் ஓர் அறக்கட்டளை கட்டடங்களைப் புதுப்பித்தது. 2001இல் ஊர் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று அங்கு வருவோர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்.

மதுரைக்கு அருகில், மதுரை மில் தொழிலாளருக்காக அமைக்கப்பட்ட ஹார்விபட்டியின் கதை வேறு. வளர்ந்து வந்த மாநகரம் அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அங்கு ஒருவர் வசிப்பதற்கும் பஞ்சாலைக்கும் இன்று தொடர்பிருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆலையின் ஏற்ற இறக்கத்தை அதன் தலை எண்ணிக்கையில் தேடுவது வீண்.

சக்கர் நகர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பக்கத்தில் போதன் இருக்கிறது. ஆனால் அது மதுரையன்று. 2011இல் போதனின் மக்கள் தொகை சுமார் 77 ஆயிரம்; 2001இல் இருந்ததைவிடச் சில ஆயிரமே கூடுதல். ஆலை நலிந்துகொண்டிருந்த பத்தாண்டிலும் எண்ணிக்கை குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலையில் வேலை போனவர் உடனே ஊரைவிட்டுப் போவதில்லை. வர வேண்டிய பாக்கி, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் எனப் பல காரணங்கள் அவரைப் பிடித்து நிறுத்துகின்றன. முதலில் மாறுவது அவருடைய தொழில். அடுத்துக் குடும்பத்தின் வருவாய். பிறகு மகனோ மகளோ ஐதராபாத்துக்குப் போவது. வீடு பூட்டப்படுவது கடைசியில்தான். தலை எண்ணிக்கை இக்கடைசிப் படியை மட்டுமே காட்டும்.

மூடலுக்குப் பின் ஒரு கணக்கெடுப்பும் நாட்டில் நடைபெறவில்லை என்பதையும் கூற வேண்டும். 2021இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ ஆதாரத் தேதியாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. மாநில அரசு 2014 ஆகஸ்டில் ஒரே நாளில் நடத்திய குடும்பக் கணக்கெடுப்பும் ஆலை ஓடிய காலத்ததே. 2024இல் நடந்த மாநிலக் கணக்கெடுப்பு சாதி, கல்வி, வருவாய் நிலையை அறிய வேறு முறையில் எடுக்கப்பட்டது. 2011உடன் நேரே ஒப்பிட இயலாது. ஆகவே இந்த ஆலை ஊர்களில் நேர்ந்ததைப் பற்றி 2027இன் அட்டவணைகளே முதல் தேசியச் சான்றாக இருக்கும்.

அவற்றைப் படிக்கும்போது மொத்த எண்ணோடு நின்றுவிடலாகாது. முதன்மைத் தொழிலாளர், குறுந்தொழிலாளர் என்னும் பிரிவைப் பார்க்க வேண்டும். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்வோரே இரண்டாம் வகையினர். நிரந்தர வேலை கூலி வேலையாக மாறினால் அது முதலில் இங்கேதான் தெரியும். நகரம் என்னும் வகைப்பாடும் அசையக்கூடும். உள்ளாட்சி அமைப்பு இல்லாத ஓர் ஊரைக் கணக்கெடுப்பு நகரமாகக் கொள்ள 2011இல் மூன்று நிபந்தனைகள் இருந்தன: 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதத்தினர் வேளாண்மை சாராத் தொழிலில் இருத்தல். ஒரு சிற்றூரின் ஆலை நின்று ஆண்கள் வயலுக்குத் திரும்பினால் மூன்றாம் நிபந்தனை தவறலாம். ஒரு செங்கல்லும் அசையாமல் நகரம் கிராமமாகிவிடும்.

வெளியேறியோரைத் தேடுவது இன்னும் கடினம். அவர்கள் தம் ஊரின் அட்டவணையில் இரார்; சென்று சேர்ந்த இடத்தின் குடிபெயர்வு அட்டவணையில் இருப்பர். அதிலும் முன்பு வாழ்ந்த ஊரின் பெயர் வெளியிடப்படுவதில்லை. போவன்பள்ளியில் வாடகைக்குக் குடியிருக்கும் பழைய ஆலைத் தொழிலாளியின் மகன், வெளியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவனாகவே தெரிவான். சக்கர் நகரின் பெயர் எங்கும் வராது. நிஜாமாபாத் மாவட்டமே இப்போது பழைய மாவட்டமன்று. 2011இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நிஜாமாபாத்திலிருந்து 2016 அக்டோபரில் காமாரெட்டி மாவட்டம் பிரிந்தது. நிஜாம் சாகர் அணை காமாரெட்டியிலும், அதன் நீரை நம்பி எழுந்த ஆலை நிஜாமாபாத்திலும் இருக்கின்றன. இரண்டு மாவட்டங்களின் எண்களையும் சேர்த்த பிறகே 2011உடன் ஒப்பிடத் தொடங்கலாம். வீட்டுப் பட்டியலில் காலி வீடுகளுக்கென உள்ள பத்தியையும் அப்போது உடன் பார்க்க வேண்டும்.