தீப்பிடித்த கேசினோ, கதவைத் தட்டிய போலீஸ்... 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பிறந்த கதை!

கிட்டார் கற்றுக்கொள்ளும் ரூம்மேட் உங்களுக்கு இருந்தால், இந்தப் பாட்டின் தொடக்கத்தை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். சரியாகவோ, தப்பாகவோ! டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'தான் அது. பாட்டில் வருவது கற்பனை இல்லை. கண்ணால் பார்த்த ஒரு தீ விபத்தைத்தான் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1971 டிசம்பர். ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரத்துக்கு டீப் பர்ப்பிள் வந்து இறங்குகிறது. அடுத்த ஆல்பத்தை ஸ்டூடியோவில் இல்லாமல், மேடையில் வாசிக்கிற மாதிரியே பதிவு செய்யணும் என்பது திட்டம். அதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டூடியோவை, அதாவது ரெக்கார்டிங் கருவிகள் பொருத்திய லாரியை, வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இடம், ஊரின் கேசினோ. குளிர்காலத்தில் அது மூடிவிடும் என்பதால் தொந்தரவு இருக்காது. அதற்கு முன் ஒரே ஒரு கச்சேரிதான் பாக்கி. அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி.

டிசம்பர் 4. டீப் பர்ப்பிள் ஆட்களும் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் ஃபிளேர் கன்னை, அதாவது ஆபத்து நேரத்தில் வானத்தில் வெளிச்சம் காட்டச் சுடும் துப்பாக்கியை, கூரையைப் பார்த்துச் சுட்டுவிட்டார். பிரம்பு வேய்ந்த கூரை. அப்புறம் கேட்கணுமா?

ஸப்பா பதற்றம் இல்லாமல் மேடையிலிருந்தே கூட்டத்தை வெளியேறச் சொன்னார். மோன்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கியவரான க்ளாட் நோப்ஸ், உள்ளே ஓடி ஓடி இளைஞர்களை வெளியே கொண்டுவந்தார். பாட்டில் அவர் பெயரும் வருகிறது. கேசினோ முழுசா எரிந்துபோனது. ஸப்பா குழுவின் கருவிகளும் போச்சு. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. இந்தக் கதையை இன்றைக்கு ரசித்துச் சொல்ல முடிவதே அதனால்தான்.

அன்று ஏரியின் மேல் புகை படர்ந்து நின்ற காட்சியை டீப் பர்ப்பிள் குழு ஹோட்டலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து, பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் க்ளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது, 'தண்ணீர் மேல் புகை' என்ற பொருள் தரும் அந்த நாலு வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாராம். சக பாடகர் இயன் கில்லனிடம் சொன்னபோது, தலைப்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா போதைப்பொருள் பற்றிய பாட்டு மாதிரி தோணுமே என்று தயக்கம். தலைப்பு அப்படியே கிடந்தது.

போலீஸ் ஏன் வந்தது?

கேசினோ போனதும் குழுவுக்கு நோப்ஸ் பிடித்துக்கொடுத்த இடம், ஊருக்குள் இருந்த பெவிலியன் என்ற அரங்கம். ராத்திரி நேரத்தில் ராக் இசை வாசித்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? புகார் பறந்தது. போலீஸ் வந்து கதவைத் தட்ட, உள்ளே ஒரு டேக் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்த டேக்தான் நாம் இன்று கேட்கும் பாட்டின் இசை!

அதன் உயிர், ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் ரிஃப். கேட்க எளிமையா இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஒரு ஸ்வரம் தனியாக ஒலிக்காது, இரண்டு சேர்ந்து ஒலிக்கும். நம் கணக்கில் சொன்னால் 'ச'வுக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள தூரத்தில் இருக்கும் இரண்டு ஸ்வரங்கள். பிக் இல்லாமல் விரலால் இழுத்து வாசிக்கணும். பின்னாலேயே ஜான் லார்டின் ஆர்கனும் அதே ரிஃப்பைப் பிடிக்கும். புதிதாக கற்பவர்கள் ஒரே கம்பியில் வாசித்துவிட்டு 'ஏன் அந்த சவுண்ட் வரலை' என்று குழம்புவது இதனால்தான்.

பெவிலியனில் இருந்தும் வெளியேறிய பிறகு, குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்திவைத்து மற்ற பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். வெளியே நிற்கும் லாரிக்குப் போய் கேட்க அறை, பால்கனி என்று சுற்றணும் என்பதால், வாசித்ததைத் திரும்பக் கேட்பதையே விட்டுவிட்டார்களாம்.

கடைசியில் கணக்குப் பார்த்தால் ஆல்பத்துக்குச் சில நிமிடங்கள் குறைந்தன. வரி இல்லாமல் கிடந்த பெவிலியன் இசை அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்ன எழுதுவது? நடந்ததையே எழுதுவோம் என்று க்ளோவரின் தலைப்பைத் தூசி தட்டி, தீ முதல் ஹோட்டல் வரை எல்லாவற்றையும் கில்லன் பாடிவிட்டார்.

'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. இதில் இன்னொரு காமெடி. ஹிட் ஆகும் என்று நம்பி குழு முதலில் சிங்கிளாக வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாட்டை. அது பெரிதாகப் போகவில்லை. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' தனியாக சிங்கிளாக வந்தது 1973-ல்தான். அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 4-வது இடம் வரை ஏறியது.

எரிந்த கேசினோவை 1975-ல் திரும்பக் கட்டினார்கள். மோன்த்ரோ ஏரிக்கரைப் பக்கம் போனால், அந்த ரிஃப்பின் ஸ்வரக் குறிகளோடு ஒரு நினைவுச்சின்னமே இருக்கிறது.