எழுத்துக்குள்ளே ஒரு கனவு!



கனவில் என்னென்னவோ வரும். பள்ளிக்கூட பெஞ்சுக்குச் சிறகு முளைக்கும். மரத்தில் மீன் காய்க்கும். காலையில் எழுந்து சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால், இப்படிப்பட்ட கனவுகளையே ஓவியமாக வரைந்து உலகப் புகழ் பெற்றவர்கள் உண்டு. அந்தக் கனவுப் படத்தோடு எழுத்தையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் படம் செய்வது ஒரு தனிக் கலை. போஸ்டர்களிலும் புத்தக அட்டைகளிலும் அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எப்படி வந்தது, நாமும் செய்ய முடியுமா என்று பார்ப்போமா?

எலி வாலும் மழையும்

எழுத்தையே படமாக்குவது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இருந்தது. இங்கிலாந்து எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1865-ல் 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையை வெளியிட்டார். அதில் ஓர் எலி தன் கதையைச் சொல்லும். அந்த வரிகள் எலியின் வால் போலவே வளைந்து வளைந்து இறங்கும். போகப்போக எழுத்தும் சிறுத்துவிடும். ஆங்கிலத்தில் 'கதை', 'வால்' இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு. அதை வைத்துச் செய்த வேடிக்கை இது.

பிரெஞ்சு மொழிக் கவிஞர் அப்போலினேர் இன்னும் ஒருபடி மேலே போனார். மழையைப் பற்றி எழுதிய கவிதையை, மழைச் சாரல் போல ஐந்து சாய்ந்த கோடுகளாக மேலிருந்து கீழே விழும்படி அமைத்தார். ஈபிள் கோபுரத்தையும் எழுத்துகளாலேயே கட்டினார். முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது, 1916-ல் அவர் தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், எழுதுவதை விடவில்லை. அவருடைய எழுத்துப் படக் கவிதைகள் 1918-ல் நூலாக வந்தன. அதே ஆண்டு நவம்பர் 9-ல் விஷக் காய்ச்சலால் இறந்துபோனார். அடுத்த இரண்டாம் நாள் போர் நின்றது!

இன்னொரு செய்தி தெரியுமா? கனவு போன்ற கலைக்கு 'சர்ரியலிசம்' என்று பெயர். அந்தச் சொல்லை 1917-ல் உருவாக்கியவரும் இதே அப்போலினேர்தான். எழுத்துப் படம், கனவுப் படம் இரண்டுக்கும் ஒரே மனிதர் வழி காட்டியிருக்கிறார்!

அடுப்பிலிருந்து வரும் ரயில்

பெல்ஜியம் நாட்டு ஓவியர் மக்ரித் 1938-ல் வரைந்த படம் ஒன்று உண்டு. குளிர்காய்வதற்காக வீட்டுச் சுவரில் கட்டிய அடுப்பு. அதற்குள்ளிருந்து புகை விட்டபடி ஒரு ரயில் என்ஜின் வெளியே வருகிறது! அறை நிஜம், என்ஜின் நிஜம். இரண்டும் சேர்ந்த இடம்தான் கனவு. சர்ரியலிசத்தின் ரகசியமே இதுதான். தெரிந்த பொருளைத் தெரியாத இடத்தில் வைக்க வேண்டும்.

இவர் 1929-ல் புகை பிடிக்கும் குழாய் ஒன்றை வரைந்து, அதன் கீழே 'இது குழாய் அல்ல' என்னும் பொருளில் எழுதிவைத்தார். என்ன, குழப்பமாக இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். அந்தக் குழாயில் புகையிலை போட்டுப் புகைக்க முடியுமா? முடியாது. அது வெறும் படம்! இன்னொரு ஓவியத்தில் குதிரையின் கீழே 'கதவு' என்றும், கடிகாரத்தின் கீழே 'காற்று' என்றும் பெயர் எழுதினார். படம் ஒன்று சொல்ல, எழுத்து வேறொன்று சொல்ல, நம் மூளை நின்று யோசிக்கிறது.

நம் ஊர்த் தேர்

தமிழிலும் எழுத்தைப் படமாக்கியிருக்கிறார்கள். இதற்குச் சித்திரக்கவி என்று பெயர். பாட்டைப் பாம்பு வடிவத்தில் எழுதினால் நாகபந்தம். தேர் வடிவத்தில் எழுதினால் ரதபந்தம். கும்பகோணம் சாரங்கபாணிப் பெருமாளைத் திருமங்கையாழ்வார் பாடிய திருவெழுகூற்றிருக்கையைத் தேர் வடிவில் எழுதிக் காட்டும் வழக்கம் உண்டு.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

கம்ப்யூட்டரில் போட்டோ என்பது லட்சக்கணக்கான சிறு கட்டங்களால் ஆனது. பெரிதாக்கினால் கட்டங்கள் தெரிந்துவிடும். ஆனால், கம்ப்யூட்டர் எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளுமாகத்தான் இருக்கிறது. சுவர் அளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் எழுத்தின் வாலை யானைத் துதிக்கையாகக்கூட நீட்டலாம்!

அடுத்து 'லேயர்', அதாவது அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல. ஒன்றில் வானம், அடுத்ததில் எழுத்து, மேலே மீன். ஒன்றை அழித்தாலும் மற்றவை கெடாது. போட்டோஷாப்பில் இந்த வசதி 1994-ல் வந்தது. காசில்லாமல் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளிலும் இது உண்டு. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் இருவர் உருவாக்கி 1996-ல் வெளியிட்டது அது.

மூன்றாவது 'மாஸ்க்', அதாவது முகமூடி. கோலம் போட ஓட்டைத் தட்டு வைத்திருப்பார்களே, அதேதான். எழுத்தின் வடிவத்தில் ஓட்டை. அதன் வழியாக அடியிலுள்ள படம் தெரியும்.

செய்து பார்ப்போமா?

1. 'தாகம்' என்று தடித்த எழுத்தில் பெரிதாக எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லையா என்று முதலிலேயே பாருங்கள். எழுத்தை வளைகோடாக மாற்றிய பிறகு திருத்த முடியாது.

2. கடல் அலைப் படத்தை அந்த எழுத்துக்குள் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். சுற்றிலும் வெடித்த, காய்ந்த நிலம்.

3. 'ம்' மேலுள்ள புள்ளியை ஒரு நீர்த்துளியாக்குங்கள். அதைக் குடிக்க ஒரு மீன் வாயைத் திறந்தபடி நிற்கட்டும்.

சொல்லில் தாகம், உள்ளே கடல்! மேலே தண்ணீருக்கு ஏங்கும் மீன்! எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கடல்நீரைக் குடிக்க முடியாது என்பதை ஒரே படம் சொல்லிவிடுகிறதே! கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அட்டையில் எழுத்தை வெட்டி எடுத்து, ஓட்டைக்குப் பின்னால் பழைய காலண்டர் படத்தை ஒட்டினால் அதுவும் மாஸ்க்தான். ஆனால், அடுத்தவர் எடுத்த போட்டோவைக் கேட்காமல் எடுத்து 'என் படம்' என்று சொல்லிவிடாதீர்கள். நீங்களே எடுத்தது, நீங்களே வரைந்தது என்றால்தான் பெருமை.

படிக்க முடிகிறதா?

அழகுக்காகத் தமிழ் எழுத்தைச் சிதைத்துவிடக் கூடாது. ஒரு புள்ளி போனால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். துணைக்கால் தள்ளிப்போனால் 'ர' போலத் தோன்றும். சில மென்பொருள்களில் 'கொ' போன்ற எழுத்துகள் இடம் மாறி உடைந்து வருவதும் உண்டு. அதையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

படம் முடிந்ததும் உங்கள் தம்பியிடமோ தங்கையிடமோ காட்டுங்கள். "என்ன எழுதியிருக்கிறது?" என்று முதலில் கேளுங்கள். "என்ன தெரிகிறது?" என்று பிறகு கேளுங்கள். முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வந்து, இரண்டாவது கேள்விக்கு யோசித்துச் சிரித்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். முதல் கேள்விக்கே விழித்தால், மறுபடி மவுஸைக் கையில் எடுங்கள்!