கப்பலுக்குள் தடையில்லை

1998, 1999-ஆம் ஆண்டுகளில் டெக்சாஸின் ஹூஸ்டனிலிருந்து புறப்படும் ‘நார்வேஜியன் ஸீ’, ‘நார்வேஜியன் ஸ்டார்’ உல்லாசக் கப்பல்களுக்கு டிக்கெட் எடுத்த மாற்றுத்திறனாளிகள் சிலர், பிறகு வழக்குப் போட்டார்கள். அன்றைய கப்பல் பயணத்தின் லட்சணத்தை அவர்களின் புகார்கள் காட்டுகின்றன: கம்பெனிக்காரர்கள் கூடுதல் கட்டணம் கேட்டார்கள், துணைக்கு ஆள் இல்லாமல் வரக்கூடாது என்றார்கள், ஏதாவது நேர்ந்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று எழுதி வாங்கினார்கள், மற்றப் பயணிகளின் வசதிக்கு இடைஞ்சல் என்றால் இறக்கிவிடும் உரிமையையும் கையில் வைத்திருந்தார்கள். பணம் கட்டியவரையே இடைஞ்சல் என்று கருதிய காலம் அது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் 1990-லேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். கப்பலில் பறந்ததோ பஹாமாஸ் கொடி. கம்பெனியின் தலைமையிடம் மயாமி, ஏறும் துறைமுகம் ஹூஸ்டன், பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். ஆனாலும் வெளிநாட்டுக் கப்பலை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று கம்பெனி வாதாடியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அமெரிக்கக் கடல் எல்லைக்குள் வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் சட்டம் பொருந்தும். ஆனால், சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளோடு மோதும் மாற்றங்களைச் செய்யச் சொல்ல முடியாது.

இந்த ‘ஆனால்’ சும்மா வந்ததல்ல. கப்பலின் வெளிக்கதவுகளில் முழங்காலுக்குக் கீழே ஓர் இரும்புத் தடுப்பு எழும்பி நிற்கும். நம் வீட்டு வாசற்படி மாதிரிதான். அலை உள்ளே புகாமல் காப்பது அதுவே, சக்கர நாற்காலியை மறிப்பதும் அதுவே. வெட்டி எறிய முடியாது. மேலே சாய்தளம் போடலாம், அல்லது வேறொரு வழியை யோசித்துக் கட்டலாம். புதிய கப்பல்கள் அப்படித்தான் கட்டப்பட்டன.

இன்று பெரிய கப்பல் ஒன்றில் ஏறினால் அகலக் கதவு, படியில்லாத குளியலறை, உட்கார்ந்தபடி குளிக்க மடக்கு இருக்கை உள்ள கேபின்கள் இருக்கின்றன. பல கப்பல்களில் நீச்சல்குளத்துக்குள் இறக்கிவிடும் லிஃப்ட்டும் உண்டு. மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கூடுதல் கட்டணம் வாங்குவதை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 2010 விதிகள் தடுத்தன. விசாலமாக இருக்கிறதே என்று நன்றாக நடப்பவர்கள் இந்தக் கேபின்களைப் பிடித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அந்த வகுப்பில் மற்றவை விற்றுத் தீரும்வரை இவற்றை வேறு யாருக்கும் தரக்கூடாது என்றும் அதே விதிகள் கூறின. ஐரோப்பாவில் 2012 டிசம்பர் முதல் துறைமுகத்தில் இலவச உதவி பெறுவது பயணியின் உரிமை. இதையெல்லாம் வெறும் கருணை என்று நான் நம்பவில்லை. உல்லாசக் கப்பலின் நல்ல வாடிக்கையாளர்களில் முதியோர் ஏராளம். முழங்கால் தேய்ந்தவரை ஒதுக்கினால் கல்லா நிறையாது.

ஆக, கப்பலுக்குள் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. கரையில்தான் சிக்கல். துறையில் கட்ட முடியாத இடங்களில் கப்பல் தள்ளி நங்கூரமிடும். டெண்டர் என்கிற சிறு படகில் மாறி இறங்க வேண்டும். அலை தூக்கிப் போடும் படகுக்குச் சக்கர நாற்காலியை இறக்கலாமா என்பதை அன்றைய கடலைப் பார்த்துக் கப்பல் அதிகாரிகள் முடிவு செய்வார்கள். கனமான மோட்டார் நாற்காலி என்றால் அநேகமாக இல்லை. கிரேக்கத்தின் சாண்டோரினியில் படகைத் தாண்டினாலும் குன்றேற கேபிள் கார் வரிசை காத்திருக்கும்.

பஹாமாஸின் கோகோகே தீவில் முன்பு டெண்டர்தான். ராயல் கரீபியன் கப்பல் கம்பெனி அங்கே கப்பல் துறை கட்டிய பிறகு நாற்காலி உருண்டே கரை சேர்கிறது. மாற்றுத்திறனாளிகள் கேட்டதால் மட்டும் நடந்ததில்லை இது. ஆயிரக்கணக்கானோரைச் சட்டென்று இறக்கினால் தீவில் வியாபாரம் கூடும். கிராண்ட் கேமன் தீவிலும் துறை கட்டும் பேச்சு நெடுநாள் நடந்தது. 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். பவளப்பாறை அழியும், கூட்டம் தாங்காது என்ற அவர்களின் கவலையைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. சக்கர நாற்காலிக்காரருக்கு அந்தத் தீவு இன்னும் டெண்டருக்கு அப்பால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை அலாஸ்கா கப்பலில் கூட்டிப்போவது இப்போது நம் குடும்பங்களிலும் சகஜம். அங்குள்ள ஜூனோ, கெட்சிக்கன், ஸ்காக்வே மூன்றிலும் கப்பல் பெரும்பாலும் துறையிலேயே நிற்கும் என்பது நல்ல செய்தி. ஆனால் அங்கே ஓதம் பல அடி ஏறி இறங்கும், அதோடு இறங்குபாதையின் சாய்வும் மாறும். எந்த ஊரில் டெண்டர், எந்த ஊரில் துறை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு டிக்கெட் எடுங்கள். அகலக் கதவுக் கேபின்கள் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.