காசு வந்த பின்னும் நட்டம்: கள்ள ஓடர்களை இனங்காண்பது எப்படி?

புதிதாக ஒருவர் கடைக்கு வந்து, "நூறு மூடை சீமெந்து வேண்டும், விலை என்னவானாலும் பரவாயில்லை, உடனே ஏற்றுங்கள்" என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? எந்த ஊர், யாருடைய வேலை, எங்கே இறக்குவது என்று நாலு கேள்வி கேட்ட பின்புதான் லொறிக்கு ஆள் அனுப்புவோம். விலை பேசாமல் அவசரப்படுபவனிடம் கவனமாக இருக்க வேண்டும் என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வியாபாரம் செய்யும் எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் கணனிக்கு முன்னால் இருந்து தொழில் செய்யும் நமது இளைஞர்களில் பலர் இந்த நாலு கேள்வியைக் கேட்பதில்லை. வெப் ஹோஸ்டிங் எனப்படும் தொழிலை எடுத்துக்கொள்வோம். மற்றவர்களின் இணையத்தளங்களை வைப்பதற்கு சேர்வரில் இடம் வாடகைக்குக் கொடுப்பதே இத்தொழில். பெரிய கம்பனியொன்றிடம் மொத்தமாக இடம் எடுத்து, சிறு துண்டுகளாகச் சில்லறைக்கு விடுகிறார்கள். சிறு முதலுடன் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். நான் கணனி படித்தவனல்லன். எனினும் இத்தொழில் செய்யும் சிலரோடு அமர்ந்து விசாரித்ததில், இதிலுள்ள ஆபத்தும் நமது கடைத்தெரு ஆபத்துதான் என்பது விளங்கியது.

கார்ட் காசு கைக்கு வந்த காசல்ல

கள்ள ஓடர் பெரும்பாலும் திருடப்பட்ட கிரெடிட் கார்ட் இலக்கத்துடன் வருகிறது. காசு கணக்கில் விழுந்ததும் கடைக்காரர் மகிழ்ந்து இடத்தைத் திறந்து கொடுக்கிறார். சில வாரங்கள் கழித்து கார்டின் உண்மையான சொந்தக்காரர் தனது வங்கியில் முறையிடுகிறார். வங்கி அந்தக் காசைக் கடைக்காரரிடமிருந்து திருப்பி எடுத்துவிடுகிறது. அத்துடன் ஒரு தண்டக் கட்டணமும் அறவிடப்படும். இவ்வாறான முறைப்பாடுகளில் பலவற்றுக்கு 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. நாலு மாதம் முடியும்வரை அந்தக் காசை உறுதியான வருமானமாகக் கணக்கெழுத முடியாது. இத்தகைய முறைப்பாடுகள் கூடினால் கார்ட் வாங்கும் வசதியையே இழக்க நேரிடும்.

ஒரு கள்ளன், இருநூறு கடை

போன காசை இன்னொரு மாதம் உழைத்துவிடலாம். அதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. கள்ளன் அந்த இடத்தை எடுப்பது வியாபாரம் செய்வதற்கல்ல. வங்கியொன்றின் பக்கத்தைப் போலப் போலிப் பக்கம் அமைத்து பாஸ்வேர்ட் திருடவும், ஆயிரக்கணக்கில் மோசடி மின்னஞ்சல் அனுப்பவுமே எடுக்கிறான். ஒரே சேர்வரில் இருநூறு கடைகளின் இணையத்தளங்கள் இருந்தால், பெரும்பாலும் அவை அனைத்துக்கும் ஐ.பி. முகவரி ஒன்றுதான். அந்த முகவரியிலிருந்து மோசடி அஞ்சல் போனதும், 1998 இல் ஆரம்பிக்கப்பட்ட ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் அதனைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். அந்தப் பட்டியலைப் பார்த்து இயங்கும் சேர்வர்கள் அங்கிருந்து வரும் எந்த அஞ்சலையும் ஏற்கமாட்டா.

விளைவு என்ன? நிலாவெளி ஹோட்டல்காரர் ஜேர்மனிக்கு அனுப்பிய அறை உறுதிக் கடிதம் போய்ச் சேராது. கிண்ணியா வியாபாரி கொழும்புக்கு அனுப்பிய விலைப்பட்டியல் திரும்பி வரும். ஒரு பாவமும் அறியாத இருநூறு பேரின் தொழில், ஒருவனை விசாரிக்காமல் உள்ளே விட்டதால் முடங்குகிறது. அவர்கள் நம்மிடம் ஒப்படைத்தது ஓர் அமானிதம். அதைக் காப்பது ஓடர் ஏற்பவரின் பொறுப்பு.

உலக அளவிலும் இதற்கு உதாரணம் உண்டு. நியூசிலாந்துக்கு உரிய டோக்கெலாவ் என்ற சிறு தீவுக்கூட்டத்தின் ".டிகே" பெயர்களை ஃப்ரீநொம் என்ற நிறுவனம் இலவசமாகக் கொடுத்து வந்தது. மோசடிக்காரர்கள் அவற்றை அள்ளிச் சென்றனர். 2023 மார்ச்சில் மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024 இல் ஃப்ரீநொம் அத்தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

இலங்கையில் தடுக்கப்பட்ட 2 கோடி டொலர்

கேள்வி கேட்பதன் பெறுமதியை நமது நாடே ஒருமுறை கண்டது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 கள்ளக் கட்டளைகளை அனுப்பினர். கேட்ட தொகை 95 கோடி டொலருக்கும் மேல். அதில் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் சென்றடைந்தது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது.

அந்தக் கட்டளையில் "ஃபவுண்டேஷன்" என்ற சொல் "ஃபன்டேஷன்" என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. வழியிலிருந்த டொய்ச்ச வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது. இலங்கைக்கு வந்த தொகை தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது.

திருடர்கள் தெரிவு செய்த நாளையும் கவனியுங்கள். வியாழன் இரவு. மறுநாள் வெள்ளி, பங்களாதேஷில் வார விடுமுறை. ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸில் விடுமுறை. ஆளில்லாத நேரம் பார்த்து வருவதே கள்ளனின் வழக்கம். ஆகவே நள்ளிரவிலும் விடுமுறையிலும் வரும் புதிய ஓடர்களுக்குக் கணனி தானாகவே இடம் திறந்து கொடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தி வையுங்கள். காலையில் ஒரு மனிதர் பார்த்த பின்பு திறந்தால் போதும். நேர்மையான வாடிக்கையாளருக்குச் சில மணித்தியாலம் பெரிதல்ல. கள்ளனுக்கு அதுவே பெரிய தடை.

பார்க்க வேண்டியவை

1. கார்ட் எந்த நாட்டு வங்கியுடையது, ஓடர் எந்த நாட்டிலிருந்து வந்தது, தொலைபேசி இலக்கம் எந்த நாட்டுக்குரியது? கார்டின் முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் வங்கியைக் காட்டிக்கொடுக்கும். மூன்றும் மூன்று திசையில் இருந்தால் நிறுத்துங்கள்.

2. கேட்கும் டொமைன் பெயர் பிரபல வங்கி அல்லது நிறுவனத்தின் பெயரை ஓரெழுத்து மாற்றி எழுதியது போல இருக்கிறதா?

3. சில நிமிடங்களுக்குள் ஒரே ஆள் பல கார்டுகளை மாற்றி மாற்றிப் போடுகிறாரா?

4. ஒரு கேள்வியும் கேட்காமல் ஐந்து வருடத்துக்கு ஆகக் கூடிய விலைத் திட்டத்தை எடுக்கிறாரா? பின்னர் "தவறிக் கூடக் கட்டிவிட்டேன், மிச்சத்தை வேறு கணக்குக்கு அனுப்புங்கள்" என்றால் அது மோசடியே என்று கொள்ளுங்கள். திருப்பிக் கொடுப்பதானால் வந்த கார்டுக்கே கொடுக்க வேண்டும்.

5. கார்ட் சொந்தக்காரரின் தொலைபேசிக்கு இரகசிய இலக்கம் அனுப்பி உறுதி செய்யும் முறையைக் கட்டாயமாக்குங்கள். அவ்வாறு உறுதியான ஓடரில் பின்னர் "நான் வாங்கவில்லை" என்ற முறைப்பாடு வந்தால், பொதுவாகப் பொறுப்பு கார்ட் கொடுத்த வங்கியைச் சேரும்.

புதியவருக்கு முதல் மாதம் நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய மின்னஞ்சல்களுக்கு ஓர் எல்லை வைப்பதும் நல்லது. தப்பி உள்ளே வந்தவனும் பெரிய சேதம் செய்ய முடியாது.

நமது ஆட்களைத் துரத்திவிடக் கூடாது

ஓடர்களுக்குப் புள்ளி போட்டு ஆபத்தைச் சொல்லும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் தீர்ப்பை அவற்றிடம் விட்டுவிடாதீர்கள். மூதூரிலுள்ள குடும்பக் கடைக்காகக் கட்டாரில் வேலை செய்யும் மகன் ஓடர் கொடுக்கிறார், கார்ட் லண்டனிலுள்ள சகோதரருடையது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளுக்கு இது கள்ளக் கணக்கு. நமக்கோ இது சாதாரணக் குடும்பக் கதை. ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். கடை எங்கே, யாருடையது என்று கேட்டால் நம்மவர் உடனே சொல்வார். கார்டுக்குரிய சகோதரருடனும் ஒரு வார்த்தை பேசிவிட்டால் சந்தேகமே இல்லை. கள்ளன் அழைப்பையே எடுக்கமாட்டான்.

அடையாள அட்டை, கார்ட் படம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டின் நடு இலக்கங்களையும் பின்பக்க மூன்று இலக்கங்களையும் மறைத்தே அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறருடைய விபரங்களைப் பொறுப்போடு கையாளுவது பற்றியதே.

மற்றைய வியாபாரிகளுக்கும்

கார்ட் வாங்காதவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. வங்கியில் காசு போட்டதாக வட்ஸ்அப்பில் வரும் சீட்டின் படத்தைத் தொகையும் திகதியும் மாற்றித் தயாரிப்பது இன்று சிறுபிள்ளை வேலை. சீட்டைப் பார்த்துச் சாமான் கொடுக்காதீர்கள், கணக்கைப் பார்த்துக் கொடுங்கள்.

ஏமாற்றப்பட்டால் மறைக்கவும் வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணனிக் குற்றங்கள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. பொலிஸில் முறையிடலாம். இணையப் பாதுகாப்புக்கென 2006 இல் அமைக்கப்பட்ட ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். ஓடர் வந்த நேரம், ஐ.பி. முகவரி, பேசிய விபரம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கடையில் ஆளின் முகத்தையாவது பார்க்கிறோம். கணனியில் அதுவும் இல்லை. ஆகவே அங்கே நாலு கேள்விக்குப் பதிலாக எட்டுக் கேள்வி கேட்பதுதான் முறை.