சென்னைக்குப் புயல், எங்களுக்குப் போர்வை

தேங்காய் எண்ணெய் உறைகிற ஊர் பெங்களூர். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதுவே அதிசயம். கல்யாணமாகி அல்சூருக்கு வந்த முதல் மார்கழியில், பாட்டிலை வெந்நீரில் நிற்க வைத்துத்தான் தலைக்கு எண்ணெய் எடுத்தேன். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும். அதை வைத்துக் குளிரை அளக்க முடியாது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் இங்கே 15, 16 டிகிரி இருக்கும். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. சிம்லாக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

இருந்தும் டிசம்பர் பிறந்தால் எனக்கும் என் வயதுப் பெண்கள் பலருக்கும் எதிலும் கை ஓடாது. காபி குடித்த டம்ளரைக் கழுவ எழுந்திருக்கத் தோன்றாது. பேப்பர் மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கும். பத்து மணிக்கே கண் சொக்கும். யாராவது போன் செய்தால் எடுக்காமல், அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேட்டால், "குளிர் தாங்கல" என்போம். என்னைக் கேட்டால், பாவம், குளிர் மேல் பழி போடுகிறோம். ஸ்வெட்டர் போட்டால் குளிர் போய்விடும். இந்த மந்தம் போகாது. இது வெளிச்சக் குறைவு.

இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் பெருமழை தமிழ்நாட்டுக் கரைக்குப் போகும். மேகக்கூட்டம் மேடேறி எங்கள் தலைக்கு மேல் வந்து நிற்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அப்போதும் அப்படித்தான். அங்கே வெள்ளம், இங்கே நசநசவென்று தூறல், நாளெல்லாம் சாயங்காலம் மாதிரி ஒரு வெளிச்சம். என் வீடோ தரைத்தளம். தெற்குப் பக்கம் நாலு மாடிக் கட்டடம் எழும்பியதிலிருந்து கூடத்தில் பகலிலும் டியூப்லைட்தான். வங்கியில் வேலை பார்த்தவரை காலையில் பஸ் ஸ்டாப்பிலாவது நின்றேன். ஓய்வு பெற்ற பிறகு பால் பாக்கெட்கூட வாசலுக்கு வந்துவிடுகிறது.

வெளிச்சத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர் 1976இல் அமெரிக்கா போனார். குளிர்காலம் வந்ததும் தன்னுடைய சுறுசுறுப்பு வடிந்துபோவதையும் வசந்தத்தில் அது திரும்பி வருவதையும் கவனித்தார். பிறகு அங்கே தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, வருஷா வருஷம் இதே மாதிரி அவதிப்படுகிறவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து, 1984இல் 'பருவகால மனச்சோர்வு' என்று அதற்கு ஒரு விளக்கம் எழுதினார். கூடவே ஒரு வைத்தியமும் சொன்னார்: பிரகாசமான விளக்கு. இன்றைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, காலையில் எழுந்ததும் 10,000 லக்ஸ் வெளிச்சம், அரை மணி நேரம்.

கண்ணுக்குள் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் மூளைக்குச் சொல்கிற தனி வகைச் செல்களும் இருக்கின்றன. 2002இல்தான் அவற்றை உறுதிசெய்தார்கள். மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரத்துக்கு இவைதான் சாவி கொடுக்கின்றன. காலை வெளிச்சம் பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது நின்று, நாள் தொடங்குகிறது. படாவிட்டால் எழுந்த பிறகும் உடம்பு பாதி ராத்திரியிலேயே இருக்கும்.

லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு. வீட்டுக் கூடத்தில் டியூப்லைட் போட்டால் நூறு, இருநூறு வரும். நல்ல ஆபீஸில் ஐந்நூறு. வெளியே வந்து நின்றால், மேகம் மூடிய நாளிலும் ஆயிரக்கணக்கில், பல சமயம் பத்தாயிரம். உச்சி வெயில் ஒரு லட்சத்தை எட்டும். கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

என் மகன் டொரான்டோவில் இருக்கிறான். ஜனவரியில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு விளக்குப் பலகையைப் போட்டுக்கொண்டுதான் வீடியோவில் பேசுவான். டிசம்பர் 21 வாக்கில் அவனுக்குப் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. நமக்கோ எவ்வளவு குறைந்தாலும் 11 மணி 20 நிமிஷத்துக்குக் கீழே போகாது. அதனால்தான் ரோசன்தால் சொன்ன நோய் முழு உருவத்தில் நம் பக்கம் அரிது. "அம்மா, நான் காசு குடுத்து வாங்கறது உனக்கு மொட்டை மாடியில சும்மா கிடக்கு. போனியா இல்லையா?" என்று அதட்டுவான். அவன் அதட்டலில் நியாயம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் அடித்தளத்தில் காரை எடுத்து, டெக் பார்க்கின் அடித்தளத்தில் நிறுத்தி, இருட்டிய பிறகு அதே வழியில் திரும்பும் பிள்ளைகளை இந்த ஊரில் எத்தனை பேரைப் பார்க்கிறேன்! வெளியே இத்தனை வெயிலை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு டொரான்டோவைக் கட்டிக்கொள்கிறோம்.

ஊரில் மார்கழி என்றால் அம்மா விடமாட்டாள். நாலரைக்கு எழுப்பி, வாசல் தெளிக்கச் சொல்லி, கோலம் போட வைத்து, குளித்துக் கோயிலுக்குப் போய்ப் பாசுரம் பாடி, கையில் சுடச்சுடப் பொங்கல் வாங்கித் திரும்பும்போது வெயில் முகத்தில் அடிக்கும். பெங்களூரிலும் இது உண்டு. கன்னடக்காரர்களுக்கு அது தனுர்மாசம். பொங்கலுக்கு ஹுக்கி என்று பெயர். முன்னோர்கள் லக்ஸ் கணக்குப் போட்டு மார்கழியை வகுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை; அந்த வேலையை வாட்ஸ்அப் மாமாக்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சோம்பிக் கிடக்கத் தோன்றுகிற மாசத்தில் ஆளைக் கட்டாயமாக எழுப்பி வெளியே தள்ளி, நாலு பேரோடு சேர்த்துவிடுகிற ஏற்பாடு அது.

இதையே ஒரு சிகிச்சையாகவும் செய்கிறார்கள். மனசு சரியான பிறகு வேலையைத் தொடலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒரு வேலையைத் தொடு, மனசு பின்னால் வரும் என்பதுதான் அதன் சாரம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரிடம் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டது. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இந்த ஆலோசனை கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேருக்குச் சோர்வு நீங்கியிருந்தது. கிடைக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான்.

எனக்கு அப்படி வாய்த்த ஆலோசகர் மேல்வீட்டு அம்மா. கோலார் பக்கத்துக்காரர். டிசம்பர் பாதியிலிருந்து மார்க்கெட்டில் அவரைக்காய் குவியும். பனி விழுந்த காய்க்குத்தான் மணம் என்பார். "பன்னிம்மா, பிசிலு பந்திதெ" என்று மாடியிலிருந்து குரல் வரும். வெயில் வந்துவிட்டதாம், வரச் சொல்கிறார். போனால் பாய் விரித்திருக்கும். ராத்திரியே ஊறவைத்த அவரைக்கொட்டை ஒரு பெரிய பாத்திரம் நிறைய. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு. தோல் விரலில் தங்க, பருப்பு மட்டும் நழுவித் தாம்பாளத்தில் 'டிங்' என்று விழும். கிருஷ்ணகிரிப் பக்கம் பிதுக்கம்பருப்பு என்பார்கள், இவர்களுக்கு ஹிதகிதபேளே. ஒரு வீட்டுச் சாறுக்கு வேண்டியதைப் பிதுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அவசரப்படுத்த முடியாது, போனைத் தொட முடியாது, கையெல்லாம் பிசுபிசு. முதுகில் வெயில், வாயில் ஊர்வம்பு. பிதுக்கிய பருப்பு இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறது. ஒருநாளும் வாங்காதீர்கள் என்பேன். விஷயமே அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

மாடி இல்லாதவர்களுக்கு ஊரே தோது பண்ணி வைத்திருக்கிறது. கார்த்திகைக் கடைசித் திங்களில் பசவனகுடியில் கடலேகாய் பரிஷே, வறுத்த வேர்க்கடலையைக் கொறித்தபடி கூட்டத்தோடு நடக்கலாம். ஜனவரியில் அவரேக்காய் மேளா, லால்பாக்கில் குடியரசு தின மலர்க் கண்காட்சி. எனக்குக் கண்காட்சிக் கூட்டம் ஆகாது. சாதாரண நாளில் லால்பாக் பாறை மேல் ஏறி நிற்பதே பிடிக்கும். சுமார் முந்நூறு கோடி வருஷத்துப் பாறை அது, காலையில் காலடியில் ஜில்லென்றிருக்கும். லால்பாக்கைப் பார்த்துக்கொண்ட கிரும்பிகல் என்ற ஜெர்மானியர், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கிற மாதிரி இந்த ஊரில் மரம் நடத் திட்டமிட்டவர். குளிர்காலத்தில் டபேபுயா ரோஜா நிறத்தில் பூக்கும்போது தலையைத் தூக்கிப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது. வெளியில் இருந்தாலே போதும். காலை இளவெயில் மனசுக்குத்தான். வைட்டமின் டி-க்கு வெயில் ஏற வேண்டும், அது வேறு கணக்கு. விளக்குப் பெட்டி வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். சிலருக்கு மனசு எல்லை மீறிப் பரபரக்கத் தொடங்கிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோறு, தூக்கம், ஆசை எல்லாம் விட்டுப்போய், இருந்து என்ன பிரயோஜனம் என்ற எண்ணம் வந்தால் வெயிலும் அவரைக்காயும் போதாது. 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இந்த ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம்.

பொங்கல் முடிந்ததும் குளிர்காலம் முடிந்தது என்று பாயைச் சுருட்டிவிடுகிறவர்கள் உண்டு. டிசம்பர் 21 தாண்டிப் பகல் நீண்டாலும், பெங்களூரில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரிக் கடைசியில்தான், ஏறத்தாழ 6.45க்கு. ஆகவே மாடிப் பாய் பிப்ரவரி வரை இருக்கட்டும். அதற்குள் மதியம் 30 டிகிரியைத் தொட்டுவிடும், நாமும் வெயிலைத் திட்ட ஆரம்பித்துவிடுவோம்.