பேஸ் கிட்டாருக்குக் கடல் காற்று ஆகாதா? திருவொற்றியூர் பக்கம் வாசிப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டை முதலில் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அப்புறம் நல்ல இயர்போனில் கேளுங்கள். இரண்டாவது முறை, குரலுக்கும் கிட்டாருக்கும் அடியில் இன்னொரு வாத்தியம் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பது தெரியும். அதுதான் பேஸ் கிட்டார். இருக்கும்போது பலரும் கவனிக்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் பாட்டே காலியான மாதிரி இருக்கும்.

வட சென்னையில் சர்ச் கொயர், கல்யாண லைட் மியூசிக், கானா மேடை, காலேஜ் பேண்ட் என எங்கே போனாலும் ஓர் ஓரமாக நின்று பேஸ் வாசிக்கும் ஒருவரைப் பார்க்கலாம். ஆனா அவருக்கு ஊரே ஒரு சவால். திருவொற்றியூருக்கு ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் மணலி, எண்ணூர் ஆலைகள். இங்கே பேஸ் வாங்குவது ஒரு நாள் செலவு, அதைக் காப்பாற்றுவது தினசரி வேலை. அந்த வேலையில் பாதிக்குக் காசே தேவையில்லை, பழக்கம் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் அசால்ட்டா இருந்தால் போவது வாத்தியம் இல்லை, உயிர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேஸ் என்றால் தடிமனான கிட்டார், அவ்வளவுதானா?

இல்லை. சாதாரண கிட்டாருக்கு ஆறு ஸ்ட்ரிங், பேஸுக்குப் பெரும்பாலும் நான்கு. கிட்டாரின் கீழ் நான்கு ஸ்வரங்களை அப்படியே ஒரு ஸ்தாயி இறக்கினால் அது பேஸ். அதன் மிகத் தடிமனான 'ஈ' ஸ்ட்ரிங் நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அதாவது 41 ஹெர்ட்ஸ்.

போன் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்குத் தேவையான காற்றை அதனால் தள்ள முடியாது. அப்புறம் எப்படி போனிலும் கொஞ்சம் பேஸ் கேட்கிற மாதிரி இருக்கிறது? 41-ன் மடங்குகளான 82, 123, 164 என்று மேலே போகும் துணை ஒலிகளில் சில ஸ்பீக்கரில் வருகின்றன. அவற்றை வைத்து, இல்லாத அடி ஒலியை நம் மூளையே ஊகித்துக்கொள்கிறது.

இன்று நாம் பார்க்கும் பேஸ் கிட்டாரைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். 1951-ல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு முன்னால், மேடையில் இந்த வேலையைச் செய்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். தூக்கிக்கொண்டு அலைவதே பெரிய பாடு. ஃபெண்டரின் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமலே அண்ணா சாலைக்குப் போய்விடலாம். 1842-லிருந்து வாத்தியம் விற்கும் மியூசி மியூசிக்கல் கடை இருப்பதும் அந்தச் சாலையில்தான்.

கடல் காற்று ஸ்ட்ரிங்கை என்ன செய்கிறது?

அலை உடையும்போது மிகச் சிறிய உப்புத் துகள்கள் காற்றில் கலக்கின்றன. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கிட்டார் ஸ்ட்ரிங் என எல்லாவற்றின் மீதும் அவை படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். இப்போது உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம். துரு பிடிக்க இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை. ஆலைப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும்.

இதோடு நம் கை வியர்வை. அதுவும் உப்புத்தான். பேஸ் ஸ்ட்ரிங் என்பது எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியது. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வை, அழுக்கு, துரு எல்லாம் தங்கிவிடும். 'டிங்'கென்று கேட்ட ஒலி 'டொம்'மென்று மங்கிப்போகும்.

பேஸ் ஸ்ட்ரிங் செட் சாதாரண கிட்டார் செட்டைவிடப் பல மடங்கு விலை. அதனால் இந்த நான்கு பழக்கங்கள் முக்கியம்:

• வாசித்து முடித்ததும் உலர்ந்த காட்டன் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மேலும் அடியிலும் துடையுங்கள். ஒரு நிமிஷ வேலை.
• வாசிப்பதற்கு முன் கை கழுவுங்கள்.
• கடல் பக்க ஜன்னல் ஓரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி வைக்காதீர்கள். பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள்.
• பைக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள். புது ஷூ டப்பாவில் வருமே, அதேதான். ஈரத்தை இழுத்து நிறைந்துவிட்டால் அது வேலை செய்யாது. மாற்ற வேண்டும்.

கேபிள் சொருகும் ஜாக், வால்யூம் திருகு ஆகியவற்றிலும் இதே துருதான். திருகும்போது 'கரகர' சத்தம் வந்தால் பேஸ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். பேட்டரி போடும் 'ஆக்டிவ்' பேஸ் வைத்திருப்பவர்கள் வாசித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது சொருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அப்போ அடிக்கடி ஸ்ட்ரிங் மாத்தணுமா?

கட்டாயமில்லை. இதற்கு ஒரு சுவாரஸ்யமான உதாரணம், அமெரிக்காவின் கார் தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட். அங்கே 1959-ல் தொடங்கிய மோட்டவுன் இசை நிறுவனத்தின் நிறுவனர் பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த நிறுவனத்தின் ஏராளமான ஹிட் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அறுந்தால் ஒழிய அவர் ஸ்ட்ரிங்கை மாற்றவே மாட்டார் என்பது பேஸ் உலகில் பிரபலமான கதை. அந்த மங்கலான, கனமான ஒலிதான் அவருடைய அடையாளம்.

அவர் பயன்படுத்தியது 'ஃபிளாட்வவுண்ட்' வகை. இதில் மேலே சுற்றியிருப்பது தட்டையான பட்டைக் கம்பி என்பதால் அழுக்கு தங்க இடுக்கு குறைவு. பழைய தமிழ் சினிமாப் பாட்டு, சர்ச் பாட்டு வாசிப்பவர்களுக்கு இந்த ஒலி நன்றாகவே பொருந்தும். விலை கூடுதல், ஆனால் நீண்ட நாள் வரும். பளிச்சென்ற ஒலி வேண்டும் என்றால் மேல்பூச்சு உள்ள ஸ்ட்ரிங் இன்னொரு வழி. ஒலி மங்கியிருந்தால் மாற்றுவது உங்கள் ரசனை. கையில் துரு ஒட்டினால் மட்டும் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரெட்டையும் தேய்த்துவிடும்.

மரத்துக்கு என்ன ஆகும்?

நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை சுமார் 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதைத் தாங்க நெக்குக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. பெயர் 'டிரஸ் ராட்'. ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் மழைக்காலத்தில் ஸ்ட்ரிங் உயரம் கூடி, விரல் வலிப்பது சகஜம். டிரஸ் ராடைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். முதல் முறை தெரிந்தவரிடம் காட்டிச் செய்யுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது.

ஆம்ப் எவ்வளவு பெருசா வேணும்?

நம் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தம். அதே சத்தம் கேட்க பேஸுக்குப் பல மடங்கு சக்தி தேவை. கிட்டாருக்கு 30 வாட் ஆம்ப் போதும் என்ற இடத்தில், டிரம்ஸோடு நிற்கும் பேஸுக்கு 200, 300 வாட் ஆகிவிடும்.

ஆனால் எல்லோருக்கும் அது வேண்டாம். சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகளில் பேஸின் அதிர்வு பக்கத்து வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானை ஆட்டும். பழகுவதற்கு ஹெட்போன் ஆம்ப் போதும். மேடையில் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்சருக்குக் கொடுத்துவிடலாம். கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகிச் சத்தமாக வைத்தால் மட்டும் ஸ்பீக்கர் கிழிய வாய்ப்பு உண்டு.

மூணாவது பின்னை ஏன் பிடுங்கக் கூடாது?

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி.

மேடையில் 'ம்ம்ம்' என்று ஆம்ப் இரையும். யாராவது ஒருவர், "அந்தப் பெரிய பின்னை எடுத்துடு தம்பி, சத்தம் போயிடும்" என்பார். சில நேரம் சத்தம் போகவும் செய்யும். கூடவே உங்கள் பாதுகாப்பும் போய்விடும். அந்தப் பெரிய பின்தான் எர்த்.

பேஸின் ஸ்ட்ரிங், கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. பின்னைப் பிடுங்கிய ஆம்புக்குள் மின்கசிவு வந்தால், கரண்ட் நேராக ஸ்ட்ரிங்குக்கு வரும், அதாவது உங்கள் விரலுக்கு. உங்கள் ஆம்ப் சரியாக இருந்தும் மைக் பக்கம் எர்த் இல்லை என்றாலும் ஆபத்துதான். கையில் ஸ்ட்ரிங், உதட்டில் மைக். நடுவில் கம்பியாக இருப்பது நீங்கள். 1972 மே 3-ம் தேதி வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 27.

நம் தெரு மேடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் பின்னால் வரும் ஒயர் இரண்டுதான். பின் சொருகினால் எர்த் இருக்கிறது என்று நினைப்போம், இருக்காது. மழை பெய்து தரை ஈரமாக இருக்கும் நாளில் இது இன்னும் மோசம்.

என்ன செய்யலாம்?

• மேடைக்கு முன்பே சவுண்டு அண்ணனிடம் கேளுங்கள்: "எர்த் இருக்காண்ணா? ஆம்பும் மிக்சரும் ஒரே லைனா?"
• சாக்கெட் டெஸ்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். எர்த் இல்லை என்றால் விளக்கே காட்டிவிடும்.
• கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மேடை லைனில் இருக்கிறதா என்று பாருங்கள்.
• இரைச்சலுக்கு முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். போகாவிட்டால் டி.ஐ. பாக்ஸில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைப் போடுங்கள். அது சிக்னல் ஒயரின் இணைப்பை மட்டும் துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது.
• மைக்கைத் தொட்டதும் லேசாகச் 'சுர்'ரென்றால் "பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்" என்று வாசிக்காதீர்கள். அதுதான் எச்சரிக்கை.

முதல் பேஸ் வாங்கப் போறீங்களா?

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வாத்தியத்திலேயே போட்டுவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கையாவது நல்ல கேபிள், அகலமான தோள் பட்டை, டியூனர், கெட்டியான பை, ஒரு செட் கூடுதல் ஸ்ட்ரிங் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். பழைய பேஸ் வாங்கினால் நெக் வளைந்திருக்கிறதா, டிரஸ் ராட் திரும்புகிறதா, எல்லாத் திருகும் சத்தமில்லாமல் வேலை செய்கிறதா, ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடலோர வீட்டில் இருந்த வாத்தியம் என்றால் பின் மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம், ஒரு காட்டன் துணி. அதற்குப் பழைய பனியன் போதும், கடைக்குப் போகவே வேண்டாம்.