பெட்ரோலைக் குடிப்பது பிரேக்

“கம்பெனி பதினெட்டு தரும் என்றார்கள், ஊருக்குள் பன்னிரண்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. வண்டியில் ஏதாவது கோளாறா?” புது கார் வாங்கிய அநேகம் பேர் கேட்பது இது. பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. டீ ஆறுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஹோண்டா சிட்டியையே எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். சான்றிதழில் உள்ள மைலேஜ் லிட்டருக்கு 17.8 கிலோமீட்டர். எண் பொய்யில்லை, ஆனால் அது ஆய்வுக்கூடத்து எண். காரை உருளைகள் மேல் நிறுத்தி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், சுமார் 20 நிமிடம் ஓட்டிக் கணக்கிடுகிறார்கள். உங்கள் அண்ணா சாலை அங்கே இல்லை.

அண்ணா சாலையில் என்ன நடக்கிறது? ஆட்களோடு சேர்த்துச் சுமார் 1,400 கிலோ எடை. அதை நின்ற இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 25 மில்லி பெட்ரோல் செலவாகும். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தால் அந்த வேகம் முழுவதும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். இப்படி 40 தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. சிக்னலில் ஏசியோடு நிற்கும் நேரத்துக்கான பெட்ரோல் தனிக்கணக்கு.

இதே சிட்டியின் ஹைபிரிட் 2022-ல் வந்தபோது அதற்குக் கிடைத்த சான்றிதழ் எண் 26.5. அதற்கு ஒரு முக்கியக் காரணம், பிரேக்கில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை அது பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நம்மிடம் ஹைபிரிட் இல்லையென்றாலும் கால் இருக்கிறது. தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரை மாற்ற வேண்டாம். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் வண்டி உருளும்போது பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மறுபடி பெட்ரோல் பாயும். நியூட்ரலில் போட்டால் மிச்சம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நியூட்ரலில் எஞ்சின் அணைந்துவிடாமலிருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும். மலைப்பாதை இறக்கத்தில் அது ஆபத்தும்கூட. எஞ்சின் தரும் பிடிமானம் போய், எல்லாப் பாரமும் பிரேக் மேல் விழும்.

பைபாஸில் கதை வேறு. அங்கே எதிரி காற்று. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் மைலேஜ் குறையும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், சுத்த பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீதம் சக்தி குறைவு. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்கை டேங்கை வைத்துப் போடுங்கள். பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 400 கிலோமீட்டர் போல ஓடியதும் அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இந்தத் தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். அடுத்த டேங்க் முழுக்க பிரேக்கைக் குறைத்து ஓட்டிவிட்டு, மறுபடி வகுத்துப் பாருங்கள்.